அப்பா வேட்டி கட்டாத தீபாவளி

மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் வாரம் ஆறு நாளும் காக்கிப் பேன்ட். ஞாயிறு குளித்து முடித்ததும் எட்டு முழ வேட்டியை உதறிக் கட்டுவார். அந்த உதறல் சத்தத்தில்தான் எங்கள் வீட்டு விடுமுறை தொடங்கும். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு எல்லா நாளும் வேட்டிதான்.

தீபாவளிக்கு ஒரே மாதிரி இரண்டு எடுப்பார். ஓரத்தில் மஞ்சள் தடவி ஒன்றை என்னிடம் நீட்டுவார். வாங்கிக் கண்ணில் ஒற்றி, பெட்டியில் வைத்துவிடுவேன். ஒரு நாளும் கட்டியதில்லை. படித்தவன், வங்கி அதிகாரி என்ற நினைப்பு.

ஒரு தீபாவளிக்கு என் மேலதிகாரி குடும்பத்தோடு வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

"அப்பா, இன்னைக்கு மட்டும் பேன்ட் போட்டுக்குங்களேன். வேட்டியைப் பாத்தா லுங்கின்னு சிரிப்பாங்க."

"நல்ல நாளும் அதுவுமா பேன்ட்டா? தீபாவளி நமக்காடா, உன் சாஹேபுக்கா?" என்றார். ஆனாலும் புது வேட்டியை மடித்து வைத்தார்.

அவரிடம் இருந்தது பழைய காக்கிப் பேன்ட் மட்டும்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. அதோடு போய்க் கதவைத் திறந்தார். அதிகாரி சோபாவில் சாய்ந்து, "மாமா, ஜரா பாணி ஆணா" என்று தண்ணீர் கேட்டார். அலுவலகத்தில் பியூனைக் கூப்பிடும் அதே குரல்.

அப்பா என்னைப் பார்த்தார். இவர் என் அப்பா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அடுத்த தீபாவளிக்கும் மஞ்சள் தடவிய வேட்டி வந்தது.

"ஒருதரம் ரெண்டு பேரும் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்டா."

"பாக்கலாம்ப்பா."

பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சில வருடங்கள் போயின. பிறகு அவர் இல்லை.

இந்தத் தீபாவளிக்குப் பெட்டியைத் திறந்து ஒன்றை உதறிக் கட்டினேன். மடிப்புகள் பழுப்பேறியிருந்தன. படியில் எதிர்வீட்டு மராத்திக்காரர், "காய் காகா, ஆஜ் லுங்கி?" என்று, இன்றைக்கு என்ன லுங்கி எனக் கேட்டுச் சிரித்தார்.

"வேட்டி. எங்கப்பா எடுத்துக் கொடுத்தது" என்று மராத்தியில் சொன்னேன்.

ஒரு மூச்சுதான் ஆனது. கோயில்வரை, பக்கத்தில் ஒருவர் நடக்கும் அளவு இடம் விட்டே நடந்தேன்.