கேட்காமல் மாற்றிய கியர் புஷ்

மெக்கானிக் வேலையில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வண்டிக்காரர் சொன்ன வேலையைவிட, சொல்லாத வேலைதான் நம்மை மாட்டிவிடும். தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை போட்ட புதிதில் நான் மாட்டியது இப்படி.

முழங்கால் கியர்

பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் தங்கவேலு அண்ணன் தன் பழைய அம்பாசடரைக் கொண்டுவந்தார். "வெள்ளிக்கிழமை கொடுமுடியில மாசமா இருக்கற மகளுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோகோணுங்க தம்பி. பிரேக்கை மட்டும் பாத்துக் குடுங்க" என்றார். பிரேக்கை முடித்து, ஓட்டிப் பார்க்க முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் போய் டீக்கடைப் பெஞ்சை இடித்தது.

கியர் ராடுகள் சேரும் இடத்திலுள்ள புஷ் என்கிற சிறு வளையங்கள் தேய்ந்து, ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் கம்பி தொளதொளவென்று ஆடியது. அண்ணன் ஓட்டும் முறையே வேறு. கம்பியை அவர் இழுத்துப் பிடிப்பார், பக்கத்து சீட்டிலிருந்து அவர் மனைவி ருக்மணி அக்கா முழங்காலால் ஓர் உந்து உந்துவார், கியர் விழும். அக்கா பெருமையாகச் சொல்வார்: "நானில்லாம இவரு முன்னாலயும் போக முடியாதுங்க, பின்னாலயும் போக முடியாதுங்க."

ஒரு மதியத்து வேலை

மகளைப் பார்க்கப் போகிற வண்டியாயிற்றே, எனக்கு மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பின்களைக் கழற்றி, பொடிப்பொடியாக உதிர்ந்த புஷ்களைத் தட்டியெடுத்து, புதுசு போட்டு, கிரீஸ் வைத்தேன். சுண்டுவிரலால் தள்ளினாலே கியர் விழுந்தது. வண்டியை எடுக்க வந்த அண்ணன் திகைத்துப்போனார். கூட வந்த அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்ப இனி நான் பின்னாடி சீட்டுங்களா?"

மச்சான் வந்தார்

வியாழக்கிழமை அக்காவின் மூத்த சகோதரர் ஆனைமலையிலிருந்து வந்து கார் கேட்டாராம். மாதாமாதம் கேட்பவர்தான். மச்சானிடம் இல்லையென்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது, சாவியை நீட்டிவிடுவார். மச்சான் அரைமணி நேரம் கியரோடு மல்லுக்கட்டி, வேர்த்து விறுவிறுத்து, பஸ் ஏறிவிடுவார். இந்தமுறை வண்டி ஒரே போடில் கிளம்பிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை கட்டுச்சோறு, வார்ப்பு ஏற்றும் டெம்போவில் கொடுமுடி போய்ச் சேர்ந்தது. புளிச்சோற்று அண்டாவை அணைத்துக்கொண்டு அக்கா பின்னால் உட்கார்ந்து போனார். கார் எட்டாம் நாள்தான் திரும்பியது. எனக்கு அவர்கள் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். பட்டறைக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, இதை மறுபடி கெடுத்துக் குடுக்கறதுக்கு எத்தன நாளாகுங்க?"

அன்றிலிருந்து ஸ்பேனரைத் தொடுமுன், "இந்தக் கோளாறு உங்களுக்கு வேணுமுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.