இரண்டாவது பவுன்ஸ்

என் மைத்துனனுக்கு ரோஷம் கொஞ்சம் தூக்கல். பூட்டுக் கடை வைத்திருக்கிறான். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அவனுடைய சக்கர நாற்காலியைப் பார்த்து "பாவம்" என்று முனகினால் போதும். பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, "வீட்டுக்கு வெளிய நிக்கிற நீங்கதாங்க பாவம்" என்பான்.

டென்னிஸிலும் அதே வீம்பு. சக்கர நாற்காலி ஆட்டத்தில் பந்து இரண்டு முறை தரையில் படலாம், அதாவது இரண்டு பவுன்ஸ். இரண்டாவது முறை கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் எடுத்து அடிக்கலாம். விதியே அப்படித்தான், ஆனால் இவனுக்கு அது பிச்சை. ஞாயிறுதோறும் தன் அக்காவோடு, அதாவது என் மனைவியோடு, ஆடுவான். அவள் நின்றபடி, இவன் உட்கார்ந்தபடி. இருவருக்கும் ஒரே பவுன்ஸ்தான்.

"எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேணாம்க்கா."

இப்படியே ஆடி ஆடி, இந்த வருடம் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான பெரிய போட்டியில், ஆண்கள் ஒற்றையரில் இடம் பிடித்துவிட்டான். முதல் சுற்றிலேயே எதிரில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர். தோற்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் செட்டை முட்டி மோதி வாங்கினான். இரண்டாவதில் அந்த மனிதர் இவன் வீம்பைக் கண்டுகொண்டார். பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டார். தரையில் பட்டு அது தலைக்கு மேல் எகிறியது. இன்னொரு முறை படும்வரை பொறுத்தால் கைக்கு வந்துவிடும். பொறுத்தால்தானே! எட்டாத பந்தை விட்டுவிட்டு மட்டையை மடியில் போட்டுக்கொள்வான். அந்த செட் போயிற்று.

மூன்றாவதும் போகிற நிலை. பக்கம் மாறும் இடைவேளையில் என் மனைவி எழுந்து நின்று கத்தினாள்:

"டேய்! அவரும் ரெண்டு பவுன்ஸ் விட்டுத்தானேடா அடிக்கிறாரு? அவரு என்ன பிச்சையா எடுக்குறாரு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாதவன்போல் வானத்தைப் பார்த்தேன். மைத்துனன் குனிந்து சக்கரத்தைத் துடைத்தான். காது சிவந்திருந்தது.

கடைசியில் எதிராளிக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்டது. பந்து இவன் தலைக்கு மேலே உயர்ந்து, உள்ளே பட்டு, பின்னால் பறந்தது. வழக்கம்போல இவன் விட்டுவிடுவான் என்று நினைத்து, அவர் கைகுலுக்கச் சிரித்துக்கொண்டே வலைப்பக்கம் உருண்டு வந்தார்.

இவன் நாற்காலியைத் திருப்பி ஒரே ஓட்டமாக ஓட்டினான். கோட்டுக்கு வெளியே இரண்டாவது முறை பட்ட பந்தை அள்ளி அடித்தான். நீட்டிய கையோடு இருந்தவரைத் தாண்டி அது உள்ளே விழுந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு அவரால் நிமிர முடியவில்லை. நாங்கள் ஜெயித்தோம். ஆமாம், நாங்கள்தான், கத்திக் கத்தித் தொண்டை கட்டியது எனக்கல்லவா!

வெளியே வந்தவன் வாயெல்லாம் பல்லாக அக்காவிடம் சொன்னான்:

"அக்கா, இனிமே ஞாயித்துக்கிழமையும் எனக்கு ரெண்டு பவுன்ஸ்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதெல்லாம் முடியாது! ஒரு பவுன்ஸுக்கே உன்னை ஜெயிக்க நான் நாக்குத் தள்ளிக் கிடக்கிறேன்!"

அவன் அவளையே பார்த்தான். அன்றைக்கு ஜெயித்ததைவிட அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தான்.