இருபத்தெட்டில் சேராத பாதங்கள்

முதலில் போனது வலது கை முஷ்டி. ஒரு காலை பிரஷ்ஷைப் பிடித்தேன், விரல்கள் மூடவில்லை. குளிர் என்றேன். கோத்தகிரியில் எந்த வலிக்கும் முதலில் வைக்கும் பெயர் குளிர்தான். இடது கையும் சேர்ந்துகொண்டபோது குன்னூர் மருத்துவமனையில் சரியான பெயரைச் சொன்னார்கள்: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்கும் முடக்குவாதம்).

தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். அதனால், கோயம்புத்தூரிலிருந்து மாதம் ஒருமுறை மலையேறி வரும் மூட்டு மருத்துவர், "இருபத்தெட்டு மூட்டையும் அழுத்திப் பாப்பனுங்க" என்றபோது எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் (அந்தத் தாக்குதலைத் தணிக்கும் மாத்திரை). மறுநாள் முழுக்கக் குமட்டும். ஆனால் கைவீக்கம் வற்றியது.

ஒவ்வொரு முறையும் ஒரு தாள் தருவார்கள். அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு. நோய் உங்களைப் பாதிக்கும் எல்லா விதங்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்று எப்படி இருக்கிறீர்கள் என்பது கேள்வி. பத்து என்றால் மிக மோசம். நான் ஆறில் குறி வைத்தேன். அடுத்த முறையும் ஆறுதான்.

ஒரு வருடம் கழித்து மருத்துவர் கோப்பைப் பார்த்துச் சிரித்தார். வலிக்கும் மூட்டு இல்லை, வீங்கிய மூட்டு இல்லை, ரத்தத்தில் சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் புரதம்) அளவோடு இருந்தது.

"ரெமிஷன் (நோய் அடங்கி நிற்கும் நிலை) வந்த மாதிரிதானுங்க ஐயா. நாலுல மூணு பாஸ். நீங்க போடற மார்க்குதான் இடிக்குது. மனசுல ஏதாவது கவலைங்களா?"

கூட வந்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். "கொழுந்து வெல விழுந்துருச்சுங்க டாக்டர். எங்க ஒண்ணரை ஏக்கர் தேயிலையும் பறிக்காமக் கெடக்குது, செடியெல்லாம் மரமா நிக்குது. இவரு அதையும் சேத்தித்தான் போட்டிருப்பாருங்க."

"அப்ப அதுக்கு ஒரு அஞ்சு கழிச்சுக்கலாங்க. மாத்திரையைப் பாதியாக் கொறைச்சுப் பாக்கலாம்."

அஞ்சு கழிச்சுக்கலாம். வெயில் காயும் நாளிலும் ஈரம் என்று சொல்லிச் சாக்குக்குச் சாக்கு எடை கழிக்கும் கொழுந்து ஏஜென்ட்களை எனக்குத் தெரியும். அங்கேயாவது ஒரு தராசு தொங்கும்.

ஆம், என் ஆறில் கொழுந்து விலையும் இருந்தது. ஆள் வைத்துப் பறித்தால் கூலிக்கே கட்டாத காலம் இது. தன் கையால் பறிப்பவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். என் கை பறிக்காது. அப்படியானால் அந்தத் தோட்டம் மரமானது விலையாலா, நோயாலா? பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு நொடியில் அவர் பிரித்துவிட்டார்.

மாத்திரை குறைய எனக்கும் ஆசைதான். ஆனால் நோய் அடங்காமல் குறைத்தால் எலும்பு அரிக்கும், அரித்தது திரும்பாது என்று முதல் நாளே சொன்னவர் இதே மருத்துவர்.

"அந்த இருபத்தெட்டுல எதெல்லாம் வருதுங்க?" என்றேன்.

எண்ணிக் காட்டினார். கைவிரல்களில் இருபது. மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் இரண்டிரண்டு.

"பாதம்?"

"அது இந்தக் கணக்குல வராதுங்க."

ஒரு வருடமாக அந்த அறையில் நான் கம்பளிச் சாக்ஸைக் கழற்றியதில்லை. இந்தக் குளிரில் யாரும் கழற்றுவதில்லை. கழற்றுங்கள் என்று யாரும் சொன்னதுமில்லை. காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் கூழாங்கல் மேல் நிற்பது போலிருக்கும். கையைப் பார்ப்பவர் காலையும் எங்கோ கணக்கில் வைத்திருப்பார் என்று நம்பியிருந்தேன். ஆறுக்குள் அதுவும் இருந்தது.

இரண்டு சாக்ஸையும் உருவினேன்.

"ஏனுங்க, டாக்டருக்கு முன்னால காலை நீட்டீட்டு," என்றாள் மனைவி.

மருத்துவர் குனிந்து, கால்விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தை இருபுறமும் சேர்த்து அமுக்கினார். நாற்காலியோடு பின்னால் போனேன்.

"இதுல எத்தன கழிக்கலாமுங்க?" என்று கேட்டேன். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். மருத்துவர் ஸ்கேனுக்கு எழுதினார். இரண்டு பாதங்களிலும் அழற்சி இருந்தது. மாத்திரை குறையவில்லை; இன்னொன்று சேர்ந்தது.

இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு: அந்தக் கோடு உங்களிடமும் வரும். வயது, கவலை, மனசு என்று அதில் கைவைப்பார்கள். விடாதீர்கள். எண் எங்கிருந்து வருகிறது என்று இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். அவர்களுடைய கணக்கு எங்கே முடிகிறது என்றும் கேளுங்கள்.

இந்த மாதம் இரண்டில் குறி வைத்தேன். "ஒண்ணுன்னு இருந்தா ரெமிஷன்னே எழுதீரலாமுங்க," என்றார் மருத்துவர், பேனாவை என் கையிலேயே விட்டுவிட்டு. மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு என்றே எழுதிக்கொண்டார்.

இப்போது பாதம் பெரும்பாலும் தரையைத் தரையாகவே உணர்கிறது. அப்படியான நாட்களில்தான், வலி எப்போது திரும்புமோ என்று எனக்குப் பதற்றம் அதிகம். நடக்க வேண்டியது, வாங்க வேண்டியது, பார்க்க வேண்டியவர் எல்லாவற்றையும் மதியத்துக்குள் முடித்துவிடப் பார்க்கிறேன். காலை என்னுடையது. சாயங்காலத்தை நான் இன்னும் நம்பவில்லை.