சாவி எர்ணாவூரில் இருக்கிறது

பூட்லோடரை எங்கே வைக்கட்டும் என்று கேட்ட கணினிக்கு, நான் எதைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும்?

திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கும் என் கணவருடையது. அவருடைய அலுவலக மென்பொருள் அதன் விண்டோஸில்தான் ஓடும். குழந்தை பிறந்ததும் விட்ட வேலைக்குத் திரும்ப ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அதற்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் வேண்டும் என்றார்கள். விண்டோஸைத் தொடவே கூடாதென்று, எர்ணாவூரிலிருக்கும் தம்பியிடம் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி, அதில் நிறுவினேன்.

ஒவ்வொரு திரையையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில்தான் அந்தக் கேள்வி. கணினியைப் போட்டதும் முதலில் ஓடி, விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் சிறு நிரல்தான் பூட்லோடர். அதை எந்த டிஸ்கில் எழுதுவது? எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு பெயர்கள். எஸ்டிஏ ஏற்கெனவே தேர்வாகி நின்றது. மடியில் மகள் கேபிளைக் கடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்தவர்கள் தேர்ந்து வைத்ததை நான் ஏன் மாற்ற வேண்டும் என்று அப்படியே விட்டேன். எஸ்டிஏ என்பது கணினிக்குள் இருக்கும் டிஸ்க்.

மறுநாள் காலை வெளி டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கணவர் கணினியோடு ராயபுரத்திலிருக்கும் அலுவலகத்துக்குப் போனார். சற்று நேரத்தில் போன்.

“இன்னாமே பண்ண? ஒரே கருப்பா கீது. இங்கிலீஷ்ல ஒரு வரி நின்னுகினு கீது. பார்ட்டி எதிர்லயே குந்திகினு கீறாரு.”

“பூட்லோடரா இருக்கும்னு நினைக்கிறேங்க.”

“பூட்டா? ஏன்மே பூட்டு போட்ட?”

குழந்தையையும் டிஸ்கையும் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். டிஸ்கைச் செருகியதும் பட்டியல் வந்தது. விண்டோஸும் அதில் இருந்தது. பூட்லோடரின் தலை உள்ளேயும் உடம்பு தம்பியின் டிஸ்கிலும் இருப்பதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“பூட்டு நம்ம வூட்ல. சாவி மச்சான் வூட்டாண்டயா?”

அன்றிலிருந்து டிஸ்கையும் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறார். தம்பி அதைத் திருப்பிக் கேட்கிறான். கணினி கேட்டது சரிதான். ஆனால் எது எந்த டிஸ்க், கழற்றினால் என்னாகும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். விண்டோஸின் பழைய பூட்லோடரை மீட்க ஒரு கட்டளை உண்டென்று படித்தேன். பிசகினால் அவர் வேலை நின்றுவிடும். இந்த முறை முன்பே தேர்வாகி நிற்கும் பதிலும் இல்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அந்தக் கட்டளையைக் கொடுக்கும்போது தம்பியின் டிஸ்க் செருகியிருக்க வேண்டுமா, கழற்றியிருக்க வேண்டுமா?