மாமா தோளில் என் கைப்பை

போன வருஷம் புரட்டாசி மாதம், முக்கூடலில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. தசரா தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருந்தன. தெருவில் எங்கே திரும்பினாலும் வேஷம் போட்டவர்கள். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, காப்புக் கட்டி, காளியாகவோ ராஜாவாகவோ போலீஸ்காரராகவோ வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். கடைசி நாளில் அதைக் குலசைக்குக் கொண்டுபோய் அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் இது காலம் காலமாக நடக்கிற வழக்கம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஆண். வயது முப்பதை நெருங்குகிறது. வண்ணார்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எனக்குக் கைப்பை, ஷூ, பெல்ட், கைக்கடிகாரப் பட்டை என்றால் உயிர். ஆம்பளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்கிறவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

கூட வேலை பார்க்கிற பையன்கள் கையில் காசு சேர்ந்தால் செல்போன் மாற்றுவார்கள். நான் ஷூ கடைக் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். புது ஷூ டப்பாவைத் திறந்ததும் வருகிற வாசனை, மேலே சுற்றியிருக்கும் மெல்லிய தாள் சரசரக்கிற சத்தம், இதற்காகவே மாதம் முழுக்க வேலை பார்க்கலாம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் ஆற்றில் குளிக்கப் போகும்போது நான் வாசலில் உட்கார்ந்து ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பேன். குஞ்சம் வைத்த பழுப்பு ஷூ ஒன்று, கடுகு நிறத்தில் ஒன்று, மழைக்கென்று தனியாக ஒன்று. யாரிடமும் கடன் வாங்கி வாங்கியதில்லை, யார் பங்கையும் பிடுங்கி வாங்கியதில்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது நாவல்பழ நிறத்தில் ஒரு தோள்பை. வேலை விஷயமாகச் சென்னைக்குப் போனபோது வாங்கியது. அகலமான வாய், இரண்டு கைப்பிடி, தங்க நிறத்தில் ஒரு கொக்கி. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை, துண்டு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் எனக்கே என்னைப் பிடிக்கும். அது ஆண் பையா பெண் பையா என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர் சொன்னது. நான் பஸ்ஸுக்கு நடந்து போகும்போது டீக்கடையிலிருந்து, "ஏலே, டீச்சரம்மா வாராக, எந்திரிங்கலே" என்று ஒரு குரல் வரும். நானும் விடமாட்டேன். "உக்காருங்க, உக்காருங்க. இன்னைக்கு வீட்டுப்பாடம் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தப் பையை ஒரு நாள்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போனதில்லை.

கேலியோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என் கல்யாணப் பேச்சு வந்ததும் விஷயம் பெரிதாகிவிட்டது. எனக்கு அப்பா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார். பீடி சுற்றி என்னை வளர்த்த அம்மாவுக்குப் பக்கபலமாக நின்றவர் அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா. வாழைக்காய் வியாபாரி. அடர்ந்த மீசைக்காரர். சந்தையில் விலை பேசும்போது வாயைவிட அந்த மீசைதான் அதிகம் பேசும். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு முதல் செருப்பு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

இரண்டு பெண் வீட்டார் வந்து, விசாரித்து, அப்படியே பேச்சில்லாமல் போய்விட்டார்கள். மாப்பிள்ளை பொம்பளைப் பை மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அழுதாள். மாமா குலசை அம்மனிடம் நேர்ந்துகொண்டார். மருமகனுக்குக் கல்யாணம் கூடி வர வேண்டும், அதற்காக இந்தத் தசராவுக்குப் பெண் வேஷம் போடுகிறேன் என்று. அந்த வேண்டுதலுக்காக அவர் தன் மீசையை எடுத்தார். மீசையில்லாத முகத்தோடு அவர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

அவர் வந்தது என் பையைக் கேட்டு. அவர்களுடைய தசரா குழுவில் காளி, குரங்கு, ராஜா எல்லாவற்றுக்கும் ஆள் ஆகிவிட்டதாம். "டீச்சர் வேஷம் போடும்வே, மருமகன்கிட்ட பை இருக்குல்லா" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமா கூச்சத்தோடு கேட்டார்.

"ஏலே, இது நெசத் தோலா?"

"இல்ல மாமா, ரெக்ஸின்."

"அப்பம் சரி. மாலை போட்டுட்டுத் தோலைத் தொடப்பிடாது."

மாலை போட்டவர்கள் செருப்பும் போடக் கூடாது என்பதால் என் ஷூக்கள் தப்பித்தன. பையைத் துடைத்துக் கொடுத்தேன். தோளில் எப்படிப் போட வேண்டும், கொக்கியை எப்படித் திறக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

போகும்போது மாமா இன்னொன்றும் சொன்னார். ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெண்ணின் போட்டோவைப் பார்த்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புரட்டாசியில் கல்யாணப் பேச்சுப் பேச மாட்டார்கள். ஆனாலும் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எங்கள் ஊருக்கு ஒரு விசேஷத்துக்கு வருகிறார்கள், அப்படியே வீட்டையும் சும்மா எட்டிப் பார்ப்பார்கள் என்று தரகர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அவுக வந்துட்டுப் போற வரைக்கும் உன் பை, ஷூ எல்லாத்தையும் கண்ணுல படாம எடுத்து வச்சிரு. உங்க அம்மைக்காகச் செய்யி" என்றார் மாமா.

என் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டுதான் இதைச் சொன்னார். அவருக்கு அது உறைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கும் உறைக்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தேன். சரி என்றேன். அன்று சாயங்காலமே என் ஷூக்களையும் மற்ற பைகளையும் ஒரு பெரிய சாக்கில் போட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். திருட்டுச் சாமானை ஒளித்து வைக்கிறவன் மாதிரி இருந்தது. அந்த எரிச்சல் நெஞ்சிலேயே கிடந்தது.

என்றைக்கு என்று சொல்லாமல் ஒரு நாள் அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல மனிதர்தான். அதையும் சொல்ல வேண்டும். வேலையைப் பற்றிக் கேட்டார், அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். காபி வருவதற்குள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி தப்பா எடுத்துக்கிடப்பிடாது. நீங்க ஏதோ பொம்பளப் பையெல்லாம் மாட்டிக்கிட்டுப் போறியன்னு காதுல விழுந்துச்சு. ஒரே பிள்ளயக் குடுக்கோம், கேக்காம இருக்க முடியாது பாருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அது அப்பம்யா, சின்னப்பிள்ளத்தனமா. இப்பம் அதெல்லாம் விட்டுட்டான்."

என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் காபித் தட்டை அவர் முன்னால் வைத்தாள். அவளை இப்படி ஒரு பொய் சொல்ல வைக்கிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சரியாக அந்த நேரம் தெருமுனையில் மேளம் கேட்டது. தசரா குழு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. காளி முன்னால் ஆடிக்கொண்டு வந்தது. பின்னால் பச்சைச் சேலை, பெரிய பொட்டு, மூக்குக்கண்ணாடி, கொண்டையில் பூ. வெறுங்காலோடு டீச்சராக என் மாமா. தோளில் என் நாவல்பழப் பை. காணிக்கையை அதில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

வேஷம் போட்டவர் அந்த நாட்களில் சாமி. பெண்ணின் அப்பா சடாரென்று எழுந்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும், அவ்வளவு பக்தியோடு, என் பைக்குள் காணிக்கை போட்டார். மாமா அந்தப் பைக்குள் கைவிட்டுக் குங்குமம் எடுத்து அவர் நெற்றியில் வைத்தார். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

"ஐயா, நீங்க கும்பிட்ட பை என்னோடதுதான்" என்றேன்.

மேளம் அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாமா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு யார் என்று புரிந்தது. அம்மா, "ஏலே, சும்மா இரி" என்று என் கையைப் பிடித்தாள். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன். மாடிக்கு ஓடினேன். சாக்கை இழுத்துக்கொண்டு வந்து முன்னறையில் கொட்டினேன். குஞ்சம் வைத்த ஷூ, கடுகு நிற ஷூ, மழை ஷூ, சின்னப் பை, பெரிய பை, பெல்ட்டுகள் எல்லாம் தரையில் உருண்டன.

"அம்மா எனக்காகச் சொல்லிட்டா. நான் எதையும் விடல. இதெல்லாம் என் சம்பாத்தியத்துல நான் ஆசைப்பட்டு வாங்கினது. தசரா முடிஞ்ச மறுநாளும் நான் இந்தப் பையத்தான் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவேன். கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன். இப்பமே தெரிஞ்சிக்கிடுங்க."

அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "தம்பி, சாமிக்குப் போடுதது வேற. தினம் தினம் போட்டுத் திரியுதது வேற. ஆம்பளைக்குன்னு ஒரு லட்சணம் இருக்குல்லா?"

"சேலையும் பூவும் பையுமா நிக்கிறது என் மாமா. சந்தையில அவுகளவிட ஆம்பள யாருன்னு கேட்டுப் பாருங்க. பத்து நாள் பக்தியா இருக்கிறது பதினோராவது நாள் எப்படி அசிங்கம் ஆகும்? எனக்குப் புரியல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். காபி அப்படியே இருந்தது. பெண்ணின் அம்மா மட்டும் ஒரு நிமிஷம் தயங்கினார். தரையில் கிடந்த சின்னப் பையைக் குனிந்து எடுத்து, அதன் ஜிப்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்து, நாற்காலியில் பத்திரமாக வைத்தார். "நல்லா இருக்குய்யா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கணவர் பின்னால் போனார்.

மாமா  சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மேளம் மறுபடி தொடங்கியது.

அந்த வரன் அத்தோடு முடிந்தது. பெருமையடிக்க மாட்டேன், வலித்தது. அந்தப் போட்டோ ரொம்ப நாள் என் போனில் இருந்தது. அம்மா சில நாட்கள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நான் கடுகு நிற ஷூவைத்தான் போட்டேன். அது மட்டும் சர்வ நிச்சயம்.

தசரா முடிந்து, குலசைக்குப் போய்க் காப்பை அவிழ்த்துவிட்டு வந்த மாமா பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் சந்தை முடிந்து வந்தார். மேலுதட்டில் மீசை முளைவிட்டிருந்தது. பையைக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே துணியில் குங்குமக் கறை மட்டும் போகவில்லை.

"தேய்ச்சுப் பாத்துட்டேன்லே, போவல" என்றார். கொக்கியை ஒரு தடவை திறந்து மூடினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "தோள்ல கெடக்கும்போது ஒரு மாதிரி நல்லாத்தாம்லே இருந்துச்சு. அன்னைக்கு அந்த ஆளு ஆம்பள லட்சணம்னு சொன்னாரு பாரு. நான் அங்கன சேலையோட நின்னுக்கிட்டுக் கேட்டேன். சுருக்குன்னு குத்திட்டு."

தை பிறந்ததும் தரகர் புது ஜாதகத்தோடு வந்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், தோளில் அதே பை. அவர் ஜாதகத்தைப் பிரிப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஒண்ணு மொதல்லயே சொல்லிருதேன். மாப்பிள்ள பை போடுவான், பாலிஷ் போட்ட ஷூ போடுவான். சம்மதம்னா மேல பேசும்வே. இல்லன்னா இந்தக் காபியக் குடிச்சிட்டுக் கெளம்பும்."

அந்த ஜாதகமும் பொருந்தவில்லை. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டீக்கடையில் இன்னும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் இன்னும் அந்தக் குங்குமக் கறையைத் தேய்த்து எடுக்க முயற்சி செய்யவில்லை. பஸ்ஸில் கொக்கியைத் திறந்து டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போதெல்லாம் அது கண்ணில் படும். எனக்குப் பிடித்ததை நான் தோளில் போட்டுக்கொள்வதற்கு அம்மன் பேரும் வேண்டாம், பத்து நாள் அனுமதியும் வேண்டாம், என் தோளே போதும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.