போத்தலில் வந்த மெதனோல்

மீத்தேன் வாயுவை மெதனோல் என்ற திரவமாக மாற்றிக் காட்டுகிறேன் என்று கனடாவின் மொன்றியலுக்குப் படிக்க வந்தவன் நான். அதற்கு இரும்பு ஏற்றிய சியோலைட் என்ற தூள் வேண்டும். அதன் நுண்துளைகளுக்குள் உருவாகும் மெதனோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டுப் பிரித்து, சிறு போத்தல்களில் பிடித்து அளக்க வேண்டும். மாதக்கணக்காக அளந்தும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் முடிவு காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

பிறகு திடீரென்று மெதனோல் வந்தது, அள்ள அள்ள வந்தது. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். தூளே போடாமல் ஒருமுறை அளந்து பார் என்றார் பேராசிரியர். அப்போதும் அதே அளவு வந்தது.

ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவ நகரின் லாசால் பகுதியில் இருந்து வரும் மன்னார்க்கார அண்ணை ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். கெதியாகக் காயட்டும் என்று கடைசியில் மெதனோலால் அலசி வைத்திருக்கிறார். எல்லோருடையதையும் அல்ல, என்னுடையதை மட்டும். தமிழ்ப் பொடியன் என்ற பாசம்.

அவர் இப்படி அலசுவது உனக்குத் தெரியுமா என்று பேராசிரியர் கேட்டார். தெரியாது என்றேன். அண்ணை பக்கத்தில்தான் நின்றார். தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் மன்னிப்புக் கேட்டார். அடுத்த கிழமை அவருக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு இன்னொரு வருடம் கிடைத்தது.

சில நாள் கழித்து மெட்ரோ மேடையில் அவரைக் கண்டேன். ஏன் அண்ணை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் வந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"முதல் நாளே உங்களிட்டைச் சொன்னனான், தம்பி. கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு ஓம், ஓம் எண்டனீங்கள்," என்றார். பிறகு, "அவரிட்டை அதை நீங்களெல்லோ சொல்லியிருக்கவேணும்," என்றார்.

அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. பேராசிரியர் கேட்டபோதும் நினைவிருந்தது.

பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவரைக் கூட விடவில்லை. அண்ணையை விட்டுவிட்டேன். எழுதினால் எதற்கு நன்றி என்றும் எழுத வேண்டும்.