மரங்களுக்கு எண் எழுதிய மாரியக்கா

முதலில் மன்னித்துவிடுங்கள். மாரியக்காவைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவர்கள் நம் விழாக் குழுவில் இருக்கிறார்கள். நான் கூட்டத்தில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. அவர் இறந்துபோன துக்கத்தில் இந்த வருடம் மரத்தடி விழா வேண்டாம் என்று பேச்சு வந்தபோதும், கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். வரும் ஞாயிறு அதை முடிவு செய்யப்போகிறோம். அதற்குள் என் மனதில் இருப்பதை எழுதியாவது கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் கம்பெனியில் உள்ளே நுழையும்போதே செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மாரியக்கா போன அன்று எனக்குக் காலை ஷிப்ட். காய்ச்சலில் ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவுக்கு, வேலை முடிந்ததும் ரசம் சாதம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். மூன்று மணிக்கு லாக்கரைத் திறந்தால் பதினொரு மிஸ்டு கால். முதல் அழைப்பு காலை ஏழரைக்கு வந்திருந்தது. ஏழரையிலிருந்து மூன்று மணிவரை, அக்கா இருக்கிறார் என்றே நினைத்து பாகங்களைச் சோதித்து டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ரசத்தில் பூண்டு அதிகமானால் அக்காவுக்குப் பிடிக்காது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் தாங்கவில்லை.

குழுவுக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். முப்பத்திரண்டு வயது. ஒரகடத்தில் கம்பெனி அசெம்பிளி லைனில் வேலை. வல்லத்தில் நான்கு பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். நான் உள்ளூர்க்காரி, எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அவர் என்னிடம் முதலில் கேட்டது, “இது என்ன மரம் பிள்ள? எங்கூர்ல பாத்ததே இல்ல” என்று. சிறுவயதிலிருந்து அதன் நிழலில்தான் பஸ் ஏறுகிறேன். பெயர் தெரியவில்லை. நான் படித்தது கெமிஸ்ட்ரி என்றேன்.

“அப்பம் சரி. மரத்துக்குத்தான் உன்னயத் தெரியும்போல.”

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரங்களில் பேசிப் பேசி உருவானதுதான் நம் விழா. ஏரிக்கரையில் பதினான்கு மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கலை. தெற்கத்திக்காரர்களின் ஒயிலாட்டம், உள்ளூர்க்காரர்களின் கூத்து, பறை, பள்ளிப் பிள்ளைகளின் ஓவியம். யார் எந்த மரத்தடிக்குப் போவது என்று குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, லைனில் ஒவ்வோர் இடத்துக்கும் எண் இருப்பதுபோல மரங்களுக்கும் ஒன்று முதல் பதினான்கு வரை மஞ்சள் பெயின்ட்டில் எண் எழுதினார் அக்கா. பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவள் நான். சாலையை அகலப்படுத்துமுன் மரங்களில் இப்படித்தான் எண் விழும், அப்புறம் ரம்பம் வரும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மதியத்துக்குள் ஊர்ப் பெண்கள் கரைக்கு வந்துவிட்டார்கள். புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர்களில் மூத்தவரான கன்னியம்மா கேட்ட கேள்வி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

“இன்னாடி இது, நம்பர் போட்டுகினு கீறீங்க? எவன் சொன்னான் வெட்டறதுக்கு?”

“வெட்டுறதுக்கு இல்ல பெரியம்மா. பாட்டுப் பாடுறதுக்கு” என்றார் அக்கா.

“பாட்டுப் பாட இன்னாத்துக்கு நம்பரு? இது இன்னா சினிமா கொட்டாயா?”

நான் பயந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்காவோ, கன்னியம்மா திட்டி முடிக்கும்வரை நின்றார். முடித்ததும், தப்பு எங்க மேலதான் என்று சொல்லிவிட்டு, ஏரிச் சேற்றை அள்ளி ஒவ்வோர் எண்ணின் மேலும் பூச ஆரம்பித்தார். நான்காவது மரத்தில் கன்னியம்மாவும் சேற்றில் கை வைத்தார். நம்பர் இல்லாமல் இந்த மரங்களை நீங்கள் எப்படி அடையாளம் சொல்வீர்கள் என்று அக்கா கேட்டதும், பெண்கள் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். கஞ்சி குடிக்கிற பூவரசு. மாடு ஈன்ற வேம்பு. இரண்டு பங்காளிகள் அடித்துக்கொண்டதால் சண்டைப் புளி. நோட்டீஸில் அந்தப் பெயர்களைத்தான் அச்சடித்தோம். அதைப் பார்த்துத்தான் வழி கேட்காமல் ஊரே வந்தது.

மைக்கில் பேச என்னைக் கூப்பிட்டபோது நான் ஓடிவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை. “பேச வராதவ எழுது. எழுத வராதவ தண்ணி ஊத்து. சும்மா மட்டும் நிக்காத” என்றார். அவரும் எல்லாம் வந்தவர் அல்ல. பாட்டில் சுருதியே நிற்காது. உன் பாட்டுக்கு மரம் இலையைக் கொட்டிடும் என்று கன்னியம்மா கேலி செய்வார். அக்கா அடுத்த பாட்டை இன்னும் சத்தமாகப் பாடுவார்.

அவரை ஊருக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் கரையில் பத்து நிமிடம் நின்றது. கன்னியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒப்பாரி வைக்கவில்லை. “உன்ன திட்டக்கூட வாய் வர்லியேடி” என்றார். அவ்வளவுதான்.

என்னிடம் அக்காவின் பொருள் என்று எதுவும் இல்லை. எதிரில் நிற்பவர் திட்டி முடிக்கும்வரை பொறுமையாக நின்று, பிறகு தப்பை ஒப்புக்கொண்டு, உடனே கையை வேலையில் வைப்பது. அதை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். இனி நான் சொல்லப்போவதற்கு அது தேவைப்படும்.

போன வாரம் அக்காவின் அம்மா போன் செய்தார். நாங்கள் கட்டி அனுப்பிய பையில் துணிகளுக்கு நடுவே நம் நோட்டீஸ் இருந்திருக்கிறது. யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

“எம் மவ அங்கன கம்பெனி வேலை மட்டுந்தான் பாத்தான்னு நெனச்சேன் தாயி. இம்புட்டும் செஞ்சிருக்காளே. இந்த வருசமும் உண்டும்லா? நான் வந்து ஒருக்கா பாக்கட்டா?”

உண்டு என்று சொல்லிவிட்டேன். வாங்கம்மா, பஸ் நிற்கும் இடத்துக்கு நானே வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் டிக்கெட் எடுத்துவிட்டார். உங்களில் ஒருவரையும் கேட்காமல் நான் செய்தது தப்பு. ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவை வெறும் கரையில் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியாது. தயவுசெய்து விழாவை நடத்துங்கள்.